நிறுவல் முடிந்தது, வாழ்த்துகள்!

"அத்தான், 'நிறுவல் முடிந்தது, வாழ்த்துகள்'னு சொல்லுது. ஆனா முடிஞ்ச மாதிரி ஒண்ணும் தெரியலையே?"

"பிரௌசரைத் திற மாப்ள. நான் சொன்ன, நம்ம கம்ப்யூட்டரோட முகவரியை அடி."

"அடிச்சுட்டேன். 'இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை'ங்குது."

"அப்படி இருக்காதே!"

"இருக்குதே அத்தான்."

ஒற்றைவரியார் எழுந்து வந்து மச்சினன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். திரையின் இடது பாதியில் கட்டளைகளை அடிக்கும் கறுப்பு ஜன்னல். அதில், முடிந்தது. வலது பாதியில் பிரௌசர். அதில், முடியவில்லை. மாமியார் மருமகள் சண்டையில் மாட்டிக்கொண்டவர் போல இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

ஒற்றைவரியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அவருடைய கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடும் சாஃப்ட்வேர் விற்கிறது. பிரௌசரில் தெரியும், பின்னால் டேட்டாபேஸ் இருக்கும், லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடும். ஓட வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். முதலில் டேட்டாபேஸைப் போட வேண்டும், அதற்கு ஒரு பயனரை உண்டாக்க வேண்டும், அந்தப் பயனருக்குப் பாஸ்வேர்டு தர வேண்டும், பிறகு வெப் சர்வர், அப்புறம் இந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். செய்முறைத் தாள் அனுமார் வால் மாதிரி நீளும். நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வாங்கியவர்கள் பாதி வழியிலேயே கையைத் தூக்கிவிடுவார்கள். உடனே இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்கு பஸ் ஏற வேண்டும்.

இப்படி ஊர் ஊராகச் சுற்றியதில், ஒருமுறை வீடு திரும்பியபோது அவருடைய சொந்த மகள் கதவைத் திறந்து, "அங்கிள், அப்பா ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு மனுஷர் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அழுது முடித்துத்தான், இத்தனை வேலையையும் தானாகச் செய்து முடிக்கும் கட்டளைத் தொகுப்பாக ஒரு ஸ்கிரிப்டை எழுத உட்கார்ந்தார். ஒரே ஒரு வரி அடித்தால் போதும், மீதி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆறு மாதம் அலுவலகத்தில் "ஒரே வரி, ஒரே வரி" என்று சொல்லிச் சொல்லியே பெயரும் வாங்கிவிட்டார்.

முதலாளியம்மா நேற்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத ஒருத்தர் தன் கையால அடிச்சு அது ஓடணும். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். ஓடிச்சுன்னா நீங்க ஆபீஸ்லயே இருங்க. இல்லைன்னா திங்கக்கிழமை பழையபடி பஸ்தான்."

கம்ப்யூட்டர் வாசனையே இல்லாதவருக்கு எங்கே போவது? பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் பூசும் மச்சினன் நினைவுக்கு வந்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தபடியே கறுப்பு ஜன்னல் வழியாக நுழைந்து, டோக்கன் திரையில் எழுத்தைப் பெரிசாக்கித் தந்துவிட்டு, அந்தக் கையோடு மச்சினனை நாற்காலியில் உட்கார வைத்து, "அந்தக் கறுப்பு ஜன்னல்ல இந்த வரியை அடி" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

காபி பாதியிலேயே நின்றது.

"டேட்டாபேஸ் தூங்குது போல" என்றார் இப்போது. "எழுப்பிப் பார்க்கறேன்."

கறுப்பு ஜன்னலில் கட்டளை கொடுத்தார். 'டேட்டாபேஸ் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது' என்று பதில் வந்தது.

"நல்லா ஓடுதாம்" என்றான் மச்சினன்.

"படிக்கத் தெரியும் மாப்ள."

"அப்ப ஏன் வரலை?"

"அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்!"

டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி ஓட விட்டார். பிரௌசர் அசையவில்லை. படுக்கையறையில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது.

"என்னங்க, போன்!" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"எடுக்காதே! முதலாளியம்மா ஆச்சான்னு கேக்கத்தான் கூப்பிடறாங்க."

"வேற ஏதோ நம்பரா இருக்கே?"

"நான் எடுக்கலைன்னா வேற நம்பர்லேர்ந்து கூப்பிடுவாங்க. அவங்க அப்படித்தான்."

போன் அடித்து ஓய்ந்தது. ஒற்றைவரியார், பிரௌசர் சாஃப்ட்வேருக்குள் நுழைகிற வாசலின் எண்ணை மாற்றிப் பார்த்தார். 'மாற்றியாயிற்று' என்றது கறுப்பு ஜன்னல். பிரௌசர் பழைய பல்லவியையே பாடியது. போன் மறுபடி அடித்தது.

"அத்தான், ஒருவேளை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா..."

"மாப்ள, அது விஷயம் தெரியாதவங்க பண்றது."

"நான் விஷயம் தெரியாதவன்தானே? அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

ஒற்றைவரியார் ஆஃப் பண்ணவில்லை. இத்தனை வருஷ அனுபவத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கோளாறு பிரௌசரில் இருக்கும் என்று முடிவு கட்டினார். பிரௌசரின் ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்து எறிந்தார். பலன் இல்லை என்று சொல்ல முடியாது. கணக்கு டீச்சரான மனைவி கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள்.

"பிரௌசர்ல நான் பாதி அடிச்சு வச்சிருந்தேனே, பத்தாம் வகுப்பு வினாத்தாள், அது எங்கே?"

மச்சினன் சட்டென்று கையிரண்டையும் தலைக்கு மேலே தூக்கினான். "அக்கா, நான் எதையும் தொடலை."

"எத்தனை கேள்வி அடிச்சிருந்தே?" என்று ஒற்றைவரியார் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் திரும்ப அடிக்கப் போறீங்க." கரண்டி உள்ளே போனது. சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேச ஆரம்பித்தன.

ஒற்றைவரியார் மறுபடி திரைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் எழுதிய ஸ்கிரிப்ட், அவரே வரி வரியாகச் சரி பார்த்தது. எல்லாம் ஓடுகிறது, ஆனால் எங்கேயும் இல்லை. இதென்ன மாயம்?

"வேற வழியில்ல மாப்ள. எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து போடுவோம். அந்த வரியையே மறுபடி அடி."

மச்சினன் அடித்தான். கறுப்பு ஜன்னல் ஒரு கேள்வி கேட்டது.

"அத்தான், 'இங்கே ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன, ஒதுக்கிவிடலாமா?'ங்குது. ராணி, டைகர், மணி, ஜிம்மி, மறுபடி ஒரு ராணி..."

"அதெல்லாம் நான் சோதனைக்குப் போட்டது. எப்பவும் வாய்க்கு வந்த பேரைத்தான் போடுவேன். ஆமான்னு சொல்லு. எப்படியும் ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டுத்தான் ஒதுக்கும்."

"டைகருக்கு வயித்துப்போக்குன்னு போட்டிருக்கே?"

"அட, வியாதின்னு ஏதாவது போட்டுத்தானே ஆகணும்? ஆமான்னு சொல்லுப்பா!"

சொல்லியபோதே அவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு வியாதியை எப்போது போட்டோம்? நினைவில்லை. நினைவு இன்றைக்கு எதில்தான் ஒத்துழைத்தது என்று விட்டுவிட்டார்.

மச்சினன் 'ஆமாம்' அடித்தான். வரிகள் மளமளவென்று ஓடின. போன் அடித்தது. ஓய்ந்த கையோடு மறுபடியும் அடித்தது.

"முடியப் போவுது அத்தான். 'முதல் நோயாளியின் பெயர், வியாதி'ன்னு கேக்குது. என்ன போடறது?"

"எதையாவது போட்டுத் தொலை!" என்று சொல்லிவிட்டு, மனைவியைச் சமாதானப்படுத்தச் சமையலறைக்குப் போனார். மச்சினன் சற்று யோசித்தான். பிறகு, ஒரு காலைப்பொழுது முழுக்க வாங்கிய திட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு, ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

"முடிந்தது, வாழ்த்துகள்!" என்று உரக்கப் படித்தான்.

"பிரௌசர்?"

"அடைய முடியவில்லை."

ஒற்றைவரியார் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடுங்க. வேலை போகலையே."

"வேலை போகலை. நான்தான் போகணும். திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி பஸ். குழந்தை இப்பத்தான் அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சா. அதுக்குள்ள..."

"நாங்க சமாளிச்சுக்குவோம்" என்றாள் அவள். சமாளிக்க முடியாது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

மச்சினன் ஹாலில் குற்றவாளியைப் போல நின்றுகொண்டிருந்தான். "என்மேலதான் தப்பா அத்தான்? வேற யாரையாவது வச்சுப் பார்க்கலாமா?"

"உன்மேல தப்பே இல்ல மாப்ள. நீ ஒரு எழுத்துகூடப் பிசகாம அடிச்சே. என் ஸ்கிரிப்ட்தான் உதவாக்கரை."

போன் அடித்தது. இந்த முறை மகளே அதைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். எத்தனை நேரம்தான் ஓடி ஒளிவது? ஒற்றைவரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் என்றுகூடப் பார்க்காமல், பச்சையைத் தொட்டு ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

"மேடம், நான் தோத்துட்டேன். ஒரே வரியெல்லாம் சும்மா. காலையிலேர்ந்து எத்தனை தடவை போட்டும் ஒண்ணுமே வரலை. திங்கக்கிழமை எந்த ஊருக்குன்னு சொல்லுங்க, பெட்டியைத் தூக்கறேன்."

மறுமுனையில் நாய்கள் குரைத்தன. அவற்றுக்கு மேலே ஒரு பெண் குரல் கத்தியது.

"சார், மேடம் இல்ல, நான் கால்நடை ஆஸ்பத்திரி கவுண்டர். காலையில எங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்தீங்களே, இன்னும் வெளிய போகலையா? யாரும் கை வைக்காமலே சாஃப்ட்வேர் அதுவா வந்து வந்து உக்காருது, இப்ப என்னடான்னா திரையில 'அடுத்தவர்: அத்தான், வியாதி: சொன்னா கேக்க மாட்டார்'னு இருக்கு, டாக்டரம்மா ஊசியோட நிக்கறாங்க!"