நத்தை யாருக்குங்க?

சரிசெய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார்; ஆடாத நாற்காலியின் காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்துச் செருகி, அது ஆடத் தொடங்கியதும் "நான் அப்பவே நெனச்சேன்" என்பார். சுவர்க் கடிகாரம் கொஞ்சம் முந்தினால் கழற்றுவார். அதன் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் மணி கேட்பார்கள். கரகரக்கிற ரேடியோ, கிறீச்சிடுகிற கதவு, கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை, அடுத்தவர் தலைவலி, எதையும் சும்மா விடமாட்டார். அவர் தொட்டதெல்லாம் சரியாகிவிடுமா? கேள்வியே தப்பு. சரியாகிவிட்டால் மறுநாள் அவருக்கு என்ன வேலை?

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று ஆரணியில் இருந்தது. பெயர் ஜெயச்சந்திரன். விலங்கியலில் பட்டம், நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், பட்டுப்புழுவும் ஒரு பிராணிதானே என்று பதில் தயாராக வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

அவர் வீட்டில் அவர் கை படாமல் ஒழுங்காக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மீன் தொட்டி. அது அவர் மனைவி கற்பகத்தினுடையது. சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கி, தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து நலம் விசாரித்தபடி ஆரணி வரை கொண்டுவந்து சேர்த்த மீன்கள். கப்பியும் பிளாட்டியும் ஸ்வார்ட் டெயிலும் ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் இருந்தன. வயதான கறுப்பு மோலி ஒன்று ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லப் போய், எல்லாரையும் மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பும். கற்பகம் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தாள்.

"நீங்க கைய வெக்காதீங்க. மேஸ்திரி பாத்துப்பாரு" என்பாள் கணவரிடம்.

அவர் வைக்கவில்லை. அவள் இருந்தவரை.

கற்பகம் போன பிறகு தொட்டியைக் கவனிக்க மேஸ்திரியும் ஜெயச்சந்திரனும் மிஞ்சினார்கள். மேஸ்திரி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஜெயச்சந்திரன் கடந்து போகும்போதெல்லாம் மீன்கள் கண்ணாடிக்கு அருகில் ஓடி வந்து வாயைத் திறந்து மூடின. அவள் என்று நினைத்து வந்தன. அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சிட்டிகை தீனி போட்டார். குளிக்கப் போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை, சட்டையை எங்கே வைத்தோம் என்று தேடும்போது ஒரு சிட்டிகை. தின்று மிஞ்சியது அடியில் அழுகிற்று. தண்ணீர் மங்கிற்று. கண்ணாடியில் பாசி ஏறி, மேஸ்திரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிய விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தொட்டியும் போய்விட்டால், கற்பகத்தினுடையது என்று சொல்ல அந்த வீட்டில் அசைகிற பொருள் எதுவும் மிஞ்சாது.

தீனியைக் குறைத்தால் போதாதா என்கிறீர்கள். குறைப்பது இந்த இனத்துக்குத் தெரியாத வித்தை. சேர்ப்பதுதான் தெரியும். ஜெயச்சந்திரன் கல்லூரிப் புத்தகத்தைத் தூசு தட்டினார். பாசியைத் தின்பது நத்தை. ஆகவே நத்தை.

சங்கத்தில் பக்கத்து மேஜைக்காரரான எல்லப்பன் முள்ளிப்பட்டிலிருந்து தினமும் ஏரிக்கரை மேல் சைக்கிளில் வருகிறவர்.

"எல்லப்பா, ஏரியில நத்தை கிடைக்குமா? கொஞ்சம் வேணும்."

எல்லப்பன் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "யாருக்குங்க சார்?"

"எனக்குத்தான்."

"ரொம்ப நாளாவா?"

"கற்பகம் போனதிலேர்ந்து. நானும் கவனிக்காம விட்டுட்டேன்."

"விடக் கூடாதுங்க. விட்டா பேஜாராப் பூடும். இப்ப எப்படி இருக்குது?"

"பச்சையா படிஞ்சுபோயிருக்கு. பாக்கவே சகிக்கல."

எல்லப்பன் முகத்தைச் சுளித்தார். "பச்சையாவா?"

"ஓரமெல்லாம். பழைய துணி வெச்சு அழுத்தித் தேச்சுப் பாத்தேன். போகல."

"தேய்க்காதீங்க சார்" என்றார் எல்லப்பன், தம் இருக்கையில் நெளிந்தபடி. "நாளைக்கே கொண்டாறேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நத்தை வாங்குவதில் என்ன ரகசியம் என்று ஜெயச்சந்திரனுக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் நத்தை கேட்டால் அது மூலத்துக்குத்தான். ஆக்கித் தின்றால் அடங்கும் என்பது ஊரறிந்த வைத்தியம். விலங்கியல் பட்டதாரி மட்டும் அறியாதது. அவர் படித்த நத்தைக்குக் கால் உண்டு, பல் உண்டு, கைராசி கிடையாது.

மஞ்சள் பையில் நத்தைகள் வந்தன. வந்தவற்றை அப்படியே தொட்டியில் போட்டுவிடுவாரா? சம்பிரதாயம் இருக்கிறதே. சில நாள் தனி வாளியில் வைத்தார். தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றிப் பழக்கினார். ஓட்டு வாயைச் சாத்திக்கொண்டு அசையாமல் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்: நாறினால் செத்தது, நாறாவிட்டால் உறங்குகிறது. எல்லாம் உறங்கின. தொட்டியில் விட்டதும் விழித்தன. பாசியைத் தின்றன. பிறகு கற்பகம் நட்டு வைத்த செடிகளைத் தின்றன. பிறகு ஊர் சுற்றக் கிளம்பிக் கண்ணாடி ஏறி வெளியே வந்தன. அலுவலகத்துக்குப் புறப்பட்டவரின் செருப்புக்குள் ஒன்று காத்திருந்த அன்று, தொட்டிக்குப் பலகை போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்.

இதற்கிடையே எல்லப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம் மட்டும் சொன்னார். அவளும் யாரிடமும் சொல்லவில்லை, ஜெயச்சந்திரனின் பக்கத்து வீட்டில் தறி போட்டிருக்கும் பாஞ்சாலையிடம் மட்டும். ஜெயச்சந்திரனின் நாற்காலியில் ஒரு பஞ்சு மெத்தை முளைத்தது. டீ வரும் நேரத்தில் மோர் வந்தது. பாஞ்சாலை வீட்டிலிருந்து கருணைக்கிழங்கு மசியல் வந்தது, பிரண்டைத் துவையல் வந்தது. கற்பகம் போனதிலிருந்து அவரைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுகிற தெருக்காரர்கள், இப்போது நின்று பேசினார்கள்.

"இப்ப எப்படிங்க இருக்குது?"

"கொஞ்சம் கொஞ்சமா குறையுதுங்க" என்றார் ஜெயச்சந்திரன், தொட்டி மேலுள்ள அக்கறையில் ஊரே பங்கெடுப்பதில் நெகிழ்ந்துபோய்.

இந்த மட்டில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? நத்தை ஓடுகளில் வெள்ளை வெள்ளையாக அரிப்பு தெரிந்தது. புத்தகத்தைப் பார்த்தார். ஓட்டுக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்து. எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை. வெற்றிலைக் கடையில் வாங்கினார். கொட்டைப்பாக்கு அளவு உருட்டிப் போட்டார்; நத்தைகள் பலவாயிற்றே என்று இன்னும் ஓர் உருண்டை போட்டார்.

தண்ணீர் பால்போல் வெளுத்தது. நத்தைகள் வாயைச் சாத்திக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பசி போலும் என்று ஒரு சிட்டிகை தீனி போட்டார். அப்போதுதான் மேஸ்திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து வந்தது. செவுள் அடித்துக்கொண்டது.

பலகையைக் கீழே தள்ளிவிட்டுச் சொம்பால் தொட்டித் தண்ணீரை இறைத்தார்; கிணற்றுக்கு ஓடினார்; குடத்தை எடுக்க மறந்து திரும்பி ஓடி வந்தார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. மசியல் கிண்ணத்தோடு வந்த பாஞ்சாலை, கிண்ணத்தை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தாள். அவள் சேந்தினாள், அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தொட்டி பழைய நிறத்துக்கு வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை. மேஸ்திரி சாய்ந்தபடியே வாலை ஒருமுறை அசைத்தது.

"அண்ணா, இன்னா இது, இத்தினி நத்தைய உசுரோட வெச்சிகினு இருக்கீங்க? குடுங்க, ஆக்கித் தரேன்."

"ஆக்கறதா? எதுக்கும்மா?"

"எதுக்கா? உங்க மூலத்துக்குத்தான். வெக்கப்பட்டா ஆவுமா? எங்க வூட்டுக்காரருக்கும் இருக்குது. தறியில உக்கார முடியாம நின்னுகினே தெருவப் பாத்துகினு இருப்பாரு."

பஞ்சு மெத்தை, மோர், கருணைக்கிழங்கு, "பச்சையாவா?" என்று கேட்ட எல்லப்பனின் முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இந்த இனத்துக்கு வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கும்? ஊர் முழுவதும் ஒரே பிழை. திருத்த வேண்டியவர் அவர். வாயைத் திறந்தார்.

"கற்பகம் அக்கா இருந்தா உங்கள இப்படி அவஸ்தைப்பட வுட்டிருக்குமா?" என்றாள் பாஞ்சாலை, மேஸ்திரியைப் பார்த்தபடி.

கற்பகம் போனதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவர் எதிரில் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

வாயை மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஆக்க வேணாம்மா. இத பாத்துகினு இருந்தாலே கொஞ்சம் தேவலாம்."

"பாத்தாலேவா?"

"ம்."

பாஞ்சாலை யோசித்தாள். "அப்ப எங்க வூட்டுக்காரர சாயங்காலம் அனுப்பறேன்."

அவர் வந்தார், உட்காராமல் நின்று பார்த்தார். மறுநாள் எல்லப்பன் தம் மாமனாரை அழைத்து வந்தார். அதற்கடுத்த வாரம் ஜெயச்சந்திரன் நாற்காலிகள் இரவல் வாங்க வேண்டியிருந்தது, மெத்தையும் கூட. நூல் விலையும் வயிற்று நிலவரமும் பேசிக்கொண்டு, தொட்டியை வெறித்தபடி ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் எழுந்து போய்த் தீனி போட அவருக்குக் கூச்சம். போடவில்லை. தண்ணீர் தெளிந்தது. தேறிய மேஸ்திரி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மேற்பார்வை பார்த்தது.

"இப்ப எப்படி இருக்குது சார்?" என்பார் எல்லப்பன்.

"பச்சை நல்லா குறைஞ்சிருக்கு" என்பார் ஜெயச்சந்திரன். பொய்யில்லை.

கதை முடிந்தது. ஆனால் உங்கள் முகத்தில் ஏதோ தெரிகிறதே. சுண்ணாம்புக்குப் பதிலாக முட்டை ஓட்டைக் கழுவி நொறுக்கிப் போட்டிருக்கலாம் என்கிறீர்களா? மூலத்துக்கு நத்தை பார்த்தால் தீராது என்று அந்த ஆட்களிடம் யாராவது சொல்ல வேண்டாமா என்கிறீர்களா? நியாயம்தான். அதற்கு முன் ஒன்று: நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி கொஞ்சம் ஆடுவது போல இருக்கிறது.

குனிந்து பார்த்துவிட்டீர்கள் அல்லவா?