ஏழாவது எண்

பேருந்து ஓட்டுநருக்கு நேரம் தவறிப் பழக்கமில்லை. அன்று ஞாயிறு. பதினோரு மணிக்குத் தொழிலாளர் மன்றத்தில் கேரம் இறுதியாட்டம். ஒரு நிமிடம் பிந்தினாலும் கோப்பை எதிரணிக்கு. மூன்று வருடம் அரையிறுதியிலேயே கவிழ்ந்தவர், இப்போதுதான் தட்டுத்தடுமாறி இறுதிக்கு வந்திருந்தார். ஸ்ட்ரைக்கர் சட்டைப்பையில். ஜோடியான கண்டக்டர் கீழே ஸ்கூட்டரை உறுமவிட்டுக் காத்திருந்தார். மணி பத்து இருபத்தைந்து.

ஒரு காலில் செருப்பை மாட்டும்போது மனைவி குறுக்கே வந்தாள். கழுத்தில் தையல் நாடா, கையில் எட்டாம் வகுப்பு மகளின் கணக்கு நோட்டு, பின்னாலேயே மகள். ஒரே ஒரு கணக்கு முடியவில்லையாம்.

"நீயே சொல்லிக்குடேன்."

"நான் நாடா பிடிச்சு அளக்கறவ. எனக்கு இடுப்பளவு தெரியும், சராசரி தெரியாது."

பதினைந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து 'தெரியாது' என்று வந்தது அதுவே முதல்முறை. ஓட்டுநர் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்துவிட்டார்.

ஏழு எண்களின் சராசரி 6. அவற்றில் ஆறு எண்கள் 0, 0, 1, 0, 0, 0. ஏழாவது எது?

"எல்லாத்தையும் கூட்டி, எத்தனை எண்ணோ அத்தனையால வகுத்தா சராசரி. இப்ப நாம ரிவர்ஸ்ல போறோம். ஆறை ஏழால பெருக்கு."

"நாப்பத்திரெண்டுப்பா."

"அதுதான் மொத்தம். தெரிஞ்ச ஆறையும் கூட்டினா ஒண்ணு. அதைக் கழி."

"நாப்பத்தொண்ணு."

கீழே ஹாரன் இரண்டு முறை அடித்தது. இருந்தும் வாத்தியார் மிடுக்கு விடவில்லை. விடையை ஒருமுறை சரிபார்த்து, கையெழுத்தும் போட்டார். "இத்தனை சைபரா? யாரோ சுத்த சோம்பேறியோட கணக்கு போல."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் மனைவி.

மகள் முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். 'வீட்டில் அப்பா கழுவும் பாத்திரங்கள்' என்று தலைப்பு. வகுப்பில் எல்லோரும் ஒரு வாரம் எடுக்கும் கணக்கு. திங்கட்கிழமை அவள் கேட்டபோது, இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "சராசரியா ஒரு நாளைக்கு ஆறு" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தார். டீச்சர் அதை வகுப்பில் வாசித்து, கைதட்டவும் வைத்தாராம். அந்தக் கையெழுத்துக்குக் கீழே திங்கள் முதல் சனி வரை மகளே எண்ணி எழுதியிருந்தாள். புதன்கிழமை ஒன்று. அது அவருடைய ஷேவிங் கிண்ணம்.

"இன்னிக்கு ஏழாவது நாள்" என்றாள் மனைவி.

"ஆடிட்டு வந்து கழுவறேனே."

"பதினோரு மணிக்குக் குழாய்ல தண்ணி நின்னுடும்."

ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தின் மேல் பென்சிலைப் பிடித்தபடி மகள் அப்பாவையே பார்த்தாள். ஓட்டுநர் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, வர்றீங்களா, ஆளை மாத்தவா?" கீழேயிருந்து கண்டக்டர்.

சமையலறைத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களை எண்ணினார். நாற்பது. வேர்க்க வேர்க்க மறுபடி எண்ணினார். நாற்பதேதான். போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணு குறையுது. இத்தனையும் கழுவினாலும் சராசரி ஆறு வராது. கணக்கே தப்பு. நான் கிளம்பறேன்."

மனைவி பதறவில்லை. டம்ளரில் தண்ணீர் பிடித்து நிதானமாகக் குடித்தாள். டம்ளரைத் தொட்டியில் போட்டாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள்.

"ஆளை மாத்திக்குங்க தம்பி. இங்க இப்பதான் கணக்கு சரியா வந்திருக்கு."