மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்

திருந்தியவர் என்றொரு இனம் உண்டு. காய்ச்சலில் படுத்து எழுந்தாலோ, பஸ் உரசிக்கொண்டு போனாலோ, "நான் பழைய ஆள் இல்ல" என்று ஊருக்கே அறிவித்துவிடுவார். பழைய ஆள் எங்கே போயிருப்பார்? பக்கத்து அறைக்குத்தான்.

நம் பேராசிரியர் இதில் உயர்ந்த ரகம். கல்லூரியில் பழைய அமெரிக்க நாவல்கள் நடத்துகிறவர். கப்பல் உடையும், போரில் நண்பன் சாவான், பனிக்காட்டில் வழி தவறும், எல்லாம் பட்டுக் கதாநாயகன் வேறு மனிதனாகி நிற்பான். "துன்பம் அவனை எப்படி மாற்றியது?" என்று ஆண்டுதோறும் தேர்வில் கேட்டு, பிள்ளைகளைத் துன்பத்தில் தள்ளுவார். அந்தக் கதாநாயகர்களுக்கு ஒரு சௌகரியம். மாறியதும் நாவல் முடிந்துவிடும். மறுநாள் காபி ஆறிப்போனதற்கு அவர்கள் எப்படிக் கத்தினார்கள் என்று யார் எழுதினார்கள்?

பேராசிரியருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. வீட்டில் மகள் இருந்தாள். சரக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை கிடைத்தும், அப்பா வாயால் ஒரு 'சரி' கேட்காமல் கிளம்ப மனமில்லாமல் இருந்தாள். கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது.

திங்கட்கிழமை, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே இருட்டும் பேராசிரியரும். வெளியே நின்ற மகளுக்குக் கதவிடுக்கில் குரல் கரைந்து வந்தது: "பாப்பா, நீ கப்பலுக்குப் போடா கண்ணு. வாழ்க்கை இவ்வளவுதான்." கதவைத் திறந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தன் தட்டைத் தானே கழுவினார்.

"கழுவட்டும். கெடைச்ச வரைக்கும் லாபம்," என்றாள் மனைவி. அவளுக்கு இது எத்தனையாவது திருந்தலோ.

புதன்கிழமை காபி ஆறிப்போயிருந்தது.

"கப்பலா? எந்தக் கப்பல்?"

"லிஃப்ட்ல சரின்னீங்களேப்பா."

"அது லிஃப்ட்ல சொன்னதும்மா."

வெள்ளிக்கிழமை அவர் கல்லூரிக்குக் கிளம்பியபோது, பெட்டியோடு மகளும் லிஃப்ட்டில் ஏறினாள். மூன்றாம் மாடி தாண்டியதும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னம்மா ஆச்சு?" குரல் அதற்குள் இளகிவிட்டது.

"மாட்டிக்கிட்டோம் போலப்பா."

இந்த முறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பொத்தான்மேல் இருந்த விரலை அவர் நன்றாகவே பார்த்தார். பெட்டியையும் பார்த்தார்.

"சரி, போயிட்டு வா," என்றார். "போன் மட்டும் பண்ணு."

கீழே நின்ற டாக்சியில் பெட்டியை அவரே தூக்கி வைத்தார். திரும்ப மேலே போகப் படியில்தான் ஏறினார். பாதிப் படியில் மனம் மாறியது. டாக்சி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

சிரிக்கிறீர்கள். போன தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள்? உங்களுக்கு மறந்திருக்கும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு மறந்திருக்காது. அடுத்த முறை லிஃப்ட்டில் ஏறும்போது, பொத்தான் பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.