மாத்தயா உயிரோடிருக்க ஒப்பாரி வைத்தோம்

றொசல்ல,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் தரணிதரனுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன் பழனியாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை, அட்டை, நான் மூவரும் நலம். போனில் சொன்னால் நீங்கள் சிரித்தே கட் பண்ணிவிடுவீர்கள் என்பதால் கடிதம். என் மகன் பிரதாப்பை உடனே உங்கள் கொழும்புக் கடைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இனி அவனை வைத்துக்கொண்டு நான் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது.

அவனுக்கு ராக் பாட்டுப் பைத்தியம். அதிலும் காதல் கீதல் கிடையாது. சண்டை முடிந்து வீடு திரும்பின பட்டாளத்துக்காரன் வேலை இல்லாமல், தூக்கம் வராமல் கத்துகிற பாட்டுகள்தான். வெள்ளைக்காரன் பாட்டு போதாதென்று நம் ஃபெக்டரி கேட் காவலாளி குணபால மாத்தயாவைப் பற்றித் தானே ஒன்று கட்டிவிட்டான். அவர் பழைய சிங்கள இராணுவக்காரர், யாரோடும் பேசாத மனுஷர்; ஐயா என்பதற்கு அவர்கள் பாஷையில் மாத்தயா என்று நாங்களும் கூப்பிடுகிறோம். 'சண்டை முடிஞ்சு போச்சு, சப்பாத்து கழறலியே' என்று பாட்டு. கழறாவிட்டால் தேங்காயெண்ணெய் தடவ வேண்டியதுதானே, அதற்கு எதற்கு மைக்?

டிரம்ஸ் வாங்க வழியில்லாமல், தப்படிக்கிற செல்லசாமியைப் பிடித்து, மெதுவாக, சோகமாக அடிக்கச் சொன்னானாம். செல்லசாமிக்குத் தெரிந்த சோக அடி ஒன்றுதானே மச்சான், சாவுக்கு அடிக்கிறது! நேற்று மத்தியானம் அதைக் கோயில் ஸ்பீக்கரில் போட்டு, இது நம்ம குணபால மாத்தயாவுக்கு என்று மைக்கில் வேறு சொல்லித் தொலைத்தான். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் கூடையை இறக்கிவிட்டு ஃபெக்டரிக்கு ஓடினார்கள். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவே தொப்பியைக் கழற்றிவிட்டார். உங்கள் தங்கச்சி நாகலெட்சுமி கேட்டில் உட்கார்ந்து, "எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று மாரடிக்கிறாள். அவரோடு ஒரு நாள் பேசினதில்லை. நான் மாலையோடு போய்ச் சேர்கிறேன், காவலறையிலிருந்து மாத்தயா சாரத்தோடு கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். அவர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கோபம் எங்கே போய் முடியுமோ தெரியவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பையனை ரயிலேற்றிவிடுகிறேன்.

உங்களையும் பிள்ளைகளையும் மாரியம்மன் கண் திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பழனியாண்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் மாத்தயா வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "நான் சண்டையிலருந்து வந்த அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஒருத்தரும் வரல்ல. நேத்து தோட்டமே வந்துச்சி" என்றார். பிரதாப்பை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. ஆகவே மகன் வரமாட்டான். அதே ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி வாசலில் கச்சேரி. சாவு அடியை மாற்றிவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம், மாத்தயா விடவில்லை. அதைக் கேட்டுத்தானே சனம் வந்தது என்கிறார். நீங்களும் வாருங்கள் மச்சான், யாரும் சாகவில்லை.