ஃபோர்மேன் அண்ணாச்சியின் விளக்குமாறு

காலை எட்டு நாற்பது. அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, மானிட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய ஒரு புது விளக்குமாறு. அதன் கீழே ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்து சி மொழிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் வேலைக்குச் சொந்த விளக்குமாற்றோடு வந்து சேர்ந்தவர் சிவகாசியில் அவர் ஒருவர்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று சொல்லவும் நான் தயார். மறுப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. தினசரி காலண்டர் அடிக்கும் அந்த அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன். அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினெட்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் விருதுநகரில் வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதக் கற்றார். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு ஃபோர்மேன் அண்ணாச்சி.

ஆலையை விட்டாரே தவிர ஆலையின் சட்டங்களை விடவில்லை. அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்தார். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பட்டாசு அறையைப் போலவே இங்கும் ஒரு நேரத்தில் நான்கு பேர்தான். ஒருநாள் நால்வர் உள்ளே இருக்கும்போது முதலாளி வந்தார்.

"மொதலாளி, அங்கனயே நில்லுங்க. நீங்க அஞ்சாவது ஆளு."

"யோவ், இது என் ரூமுய்யா!"

"ரூமு உங்களுதுதான். கணக்கு நாலுதான். ஒரு ஆளு வெளிய வரட்டும், அப்புறம் வாங்க."

முதலாளி நின்றார். நான்தான் வெளியே போனேன்.

எங்கள் காலண்டரின் உயிர் ஒரு பழைய டிஎல்எல் கோப்பில் இருந்தது. நட்சத்திரமும் திதியும் கணக்கிடும் அந்தக் கோப்பை சி மொழியில் எழுதிக் கொடுத்த கல்லூரி ஆசிரியர் வெளிநாடு போய்விட்டார். உள்ளே என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. கணக்கு மட்டும் பிசகியதே கிடையாது. அந்த வருஷம் தாள்களை வடிவமைக்க, சென்னையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் விஷுவல் பேசிக் என்ற வேறொரு மொழியில் புது புரோகிராம் எழுதினார். அது பழைய கோப்பைக் கூப்பிட்டு, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நிலா எங்கே நிற்கிறது என்று கேட்கும். கோப்பு பதில் சொல்லும்.

ஜனவரி முழுக்கச் சொன்னது. பிப்ரவரி பதினான்கு வரை சொன்னது. பிறகு திரை பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி ஓட்டினோம். பிப்ரவரி பதினான்கு. கம்ப்யூட்டரை மாற்றினோம். பிப்ரவரி பதினான்கு. காதலித்து ஏமாந்த கம்ப்யூட்டர் என்று பைண்டிங் பிரிவில் பேச்சு. முதலாளி ஜோசியரை அழைத்து வந்தார். பிப்ரவரி பதினைந்தில் தோஷம் இருப்பதாக அவரும் கண்டுபிடித்தார். சென்னை இளைஞரோ, "அந்தப் பழைய குப்பையத் தூக்கிப் போடுங்க சார்" என்றார்.

ஆடி பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்குத்தான் வெளியூர் ஏஜெண்டுகள் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வருவார்கள்.

"அதுக்குள்ள டிசம்பர் முப்பத்தொண்ணு வரலைன்னா தாளை வெளிய வாங்கிக்கிடுதேன். இந்த ரூமைப் பூட்டிருவோம்" என்றார் முதலாளி.

அண்ணாச்சி என்னிடம் மட்டும் சொன்னார். "பூட்டுனா நான் திரும்ப மருந்து ரூமுக்குத்தான் போகணும். போக மாட்டேன்னு வீட்டுல வாக்குக் குடுத்திருக்கேன்." இடது கையில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டார். வெடிமருந்து கலக்கும் அறையில் போனது அது.

மறுநாள் காலை அண்ணாச்சி சென்னை இளைஞரின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, யாரு பெருக்கணும்?"

"ஏன், பெருக்குற அம்மா வரலையா?"

"அது இல்லப்பா. நீ கோப்பைக் கூப்பிடுதே. கேள்வியெல்லாம் எங்கன வைக்கே?"

"ஸ்டாக்ல. மெமரில அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு அண்ணாச்சி."

"வேலை முடிஞ்சதும் அந்த இடத்தை யாரு பெருக்கணும்? கூப்பிட்டவனா, வந்தவனா?"

"அதெல்லாம் தானா நடக்கும்."

"மருந்து ரூம்லயும் அப்பிடித்தான் நெனைப்பாக. சிந்துனது எம்புட்டு, அவன் பெருக்கிருவான்னு இவன் போயிருவான். இவன் பெருக்கிருவான்னு அவன் போயிருவான். நாப்பத்தஞ்சாம் நாளு..." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

விஷயம் அதுதான். சி மொழியின் வழக்கத்தில் கூப்பிட்டவர் பெருக்க வேண்டும். விஷுவல் பேசிக்கோ, வந்தவரே பெருக்கிவிட்டுப் போவார் என்று நம்பும். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது கேள்வி. யாரும் பெருக்காத குப்பை சேர்ந்து சேர்ந்து, இடம் நிறைந்ததும் புரோகிராம் செத்துவிடும்.

யாரும் நம்பவில்லை. அண்ணாச்சி இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி என்று மாற்றினார். "இப்ப மார்ச் கடைசியில நிக்கும் பாருங்க." மார்ச் முப்பத்தொன்றில் நின்றது. தோஷம் நாற்பத்தைந்து நாள் தள்ளிப்போனதைக் கேட்டு ஜோசியர் மனம் வருந்தினார்.

முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு கேளுங்க. வருஷம் முடிஞ்சிருமே!"

"முடியும். திதி மாறுற நேரம் பத்து நிமிஷம் தப்பா இருக்கும். குப்பையும் அங்கனயேதான் கெடக்கும். நான் செய்ய மாட்டேன் மொதலாளி."

எட்டு நாள் அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. பழைய கோப்புக்கும் புது புரோகிராமுக்கும் நடுவே நிற்க ஒரு சின்ன கோப்பை சி மொழியில் எழுதினார். "இவன்கிட்ட இவன் பேச்சு, அவன்கிட்ட அவன் பேச்சு. போகும்போது ரெண்டு பக்கமும் பெருக்கிட்டுப் போவான்" என்பது அவர் தந்த விளக்கம். நாற்பது வரிகூட இல்லை. அதை எட்டு முறை அழித்து எழுதினார்.

ஆடி பதினெட்டு. ஏஜெண்டுகள் முன்கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் நான்கு பேர். பிப்ரவரி பதினான்கு வந்தது. பதினைந்து வந்தது. பிறகு மார்ச், ஏப்ரல் என்று ஓடி டிசம்பர் முப்பத்தொன்றில் வந்து நின்றது.

வாசலில் குரல் கேட்டது. முதலாளி. செருப்பைக் கழற்றியிருந்தார். ஒரு கை செம்புத் தகட்டின் மேல்.

"அண்ணாச்சி, உள்ள வரலாமா?"

"ஒரு ஆளு வெளிய வரட்டும்."

இந்த முறை சென்னை இளைஞர் எழுந்து போனார்.

பின்னால் அந்த நடுக் கோப்பை எந்த மொழிக்காரரும் கூப்பிடும்படி, காம் என்ற பொது வடிவத்துக்கு மாற்றினார் அண்ணாச்சி. டெல்பிக்காரர் வந்தார், சி-ஷார்ப்காரர் வந்தார். எல்லோரிடமும் முதல் கேள்வி, "யாரு பெருக்கணும்?" பதில் தெரியாதவர் கையில் ஆணியிலிருந்து விளக்குமாறு இறங்கும்.

நான் சிவகாசியை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டுக் காலண்டரில் பிப்ரவரி பதினைந்தாம் தேதித் தாளை மட்டும் கசக்கிப் போடுவதில்லை. மேசை இழுப்பறையில் இப்போது பதினொரு தாள்கள் இருக்கின்றன.