மாப்பிள்ளை ஏற்றிய பழைய பதிப்பும் நின்றுபோன முந்தானையும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை உதயகுமார் அவர்களுக்கு,

மாமனார் கலியாணசுந்தரம் எழுதுவது. இங்கே தறியைத் தவிர அனைவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் லேப்டாப்பின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் தாங்கள் சிரிப்பது காதில் விழும் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

தறிக்கு டிசைன் அனுப்பும் நம் கம்ப்யூட்டரில் பொங்கலன்று தாங்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றித் தந்தீர்கள். இலவசம் என்றபோதே எனக்குச் சந்தேகம். இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிப்பு என்று தெரிந்ததும் சந்தேகம் உறுதியானது. தங்கள் லேப்டாப்பில் மட்டும் போன மாதத்துப் பதிப்பு இருந்ததைக் காபி கொடுக்கும் சாக்கில் பார்த்துவிட்டேன். கேட்டதற்கு, "பழசு இல்ல மாமா, ஸ்டேபிள். ஆடாம அசையாம நிக்கும்" என்றீர்கள். கடையில் விற்காமல் தங்கிப்போன சேலையும் அப்படித்தான் நிற்கிறது.

ஆகவே தங்கள் கொழுந்தியாள் தீபிகாவின் முகூர்த்தச் சேலையில் முந்தானை தொடங்கும் சமயம், கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் பெண் இளவரசியை வரவழைத்து, டிசைன் மென்பொருளை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுத்துப் பழையதோடு சேர்க்கச் சொன்னேன். "ரெண்டையும் கலக்கக் கூடாதுங்க. ஒண்ண இழுத்தா கூடவே நூறு வரும்" என்றாள். நானா விடுவேன்? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரும்போது பழையதைக் கழற்றி எறிகிறோமா, அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துத்தானே இழுக்கிறோம், ஆயிரக்கணக்கான இழையில் ஒன்றாவது சண்டை போட்டதுண்டா என்று கேட்டேன். "அது பட்டுங்க" என்றாள். "நீ பிணைம்மா" என்றேன். பிணைத்தாள். புது மென்பொருள் தன் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்தது; வந்தவர்கள் பழையவர்களை வெளியேற்றினார்கள்; டிசைனுக்கேற்ப இழைகளைத் தூக்கும் ஜக்கார்டோடு பேசத் தெரிந்த ஒரே ஆளும் அதில் போய்விட்டான். இப்போது திரையில் முந்தானைக்கு வரைந்த யாளி கம்பீரமாக நிற்கிறது, தறியில் ஒரு இழை எழும்பவில்லை. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டே நாள். தங்கள் மாமியார், "யாளி டிவியில நின்னுக்கினு இருக்குது, பொண்ணு இன்னாத்தக் கட்டிக்கினு மணையில உக்காரும்?" என்கிறாள். தீபிகாவோ, "முந்தானை இல்லாமலே கட்டிக்கிறேம்பா, ஸ்டேபிளா இருக்கும்" என்று சிரிக்கிறாள். கண் கலங்கியிருப்பதை நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

எனவே பழையதையே திரும்ப ஏற்றும் வழியை இளவரசிக்குச் சொல்லவும். இனி என் ஆயுளில் புதியது கேட்கமாட்டேன்.

ஏகாம்பரநாதர் அருளால் தாங்களும் மகள் காயத்ரியும் சகல செல்வங்களோடும் தொல்லை தராத அப்டேட்களோடும் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இளவரசி எல்லாவற்றையும் அழித்துத் தங்கள் பழைய பதிப்பையே ஏற்றிவிட்டாள். முந்தானை ஒரு சாண் வந்தாயிற்று. ஆனால் எதிர்வீட்டு முருகேசன் தன் தறிக்கு இந்த வருடப் பதிப்பு போட்டிருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கல்யாணத்துக்கு வரும்போது, அவருடையதைவிட ஒரு எண்ணாவது கூடுதலானதாகக் கொண்டுவரவும். இன்னும் வெளிவராததாக இருந்தாலும் பரவாயில்லை.