தார்ப்பாய் அண்ணாச்சி போட்ட கேம்ப்

பூமிக்கு மேல் பெரிதாக ஒரு தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிவிட்டால் உலகத்துத் தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடும் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் தார்ப்பாய் அண்ணாச்சிதான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவர் தொழில். அவர் வீட்டு ஜன்னல் திரை, சைக்கிள் சீட்டு உறை, அரிசிப் பானை மூடி எல்லாமே தார்ப்பாய்த் துணி. தீப்பெட்டி ஆபீஸில் கிளார்க்காக இருந்த நான் பக்கத்து போர்ஷனில் குடியிருந்தேன். எனக்கும் பாசத்தோடு ஒரு குடை தைத்துக் கொடுத்தார். நனைந்தால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு தேள் தோற்கடித்திருந்தது. கல்யாணமான புதிதில், புதூர்ப் பக்கம் அவருடைய சொந்த ஊரில், தரையில் படுத்திருந்த அவர் சம்சாரம் மதினியை அது கொட்டிவிட்டது. "இனிமே அந்த ஊர்ல என் தலை சாயாது" என்று மதினி சொன்னார். நாலு வருஷமாகச் சாயவில்லை. வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணாச்சி தனியாகப் போவார். "பொண்டாட்டி எங்கலே?" என்று ஊரே கேட்கும். கறிச்சோற்றுக்குக் கூட உட்காராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஐந்தாவது கொடைக்காவது மதினியைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து, பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படம் அவர் கையில் சிக்கியது. வெள்ளைக்காரர் ஒருவர் கான்வாஸ் பைக்குள் படுத்துத் தலையை மட்டும் நீட்டிச் சிரித்தார். சனி, ஞாயிறு வெளியூர் போகிறவர்கள் சுருட்டி எடுத்துப்போகிற கேம்ப் படுக்கை என்று வாசித்துச் சொன்னவன் நான். என் தலையெழுத்து.

"இவன் தரையில படுத்திருக்கான். நாம கால் வச்சு உசத்திருவோம் தம்பி."

"அதுக்கு ஒரு கட்டில் வாங்கினாப் போதாதா அண்ணாச்சி?"

"ஓட்டுக்கூரையிலருந்து தேள் விழுந்தா? நாலு பக்கமும் மேலயும் மூடணும்லா!"

நாலு இரும்புக் கால், இழுத்துக் கட்டிய கான்வாஸ், மேலே வளைவாக ஒரு கூரை, சுற்றிலும் கொக்கிகள். வாசலில் வைத்து முதல் சோதனை. உள்ளே படுக்க என்னைத்தான் கூப்பிட்டார். "நீங்கதான் சரியான ஆளு" என்றார். என் தைரியத்தைச் சொல்கிறார் என்று படுத்தேன். கொக்கி எல்லாம் வெளிப்பக்கம் இருந்தது. மாட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் நான் அவித்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டேன்.

இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது. லாரியைத் தூரத்தில் பார்த்தே அளவு சொல்கிற மனிதர், இதை மட்டும் இப்படிக் குட்டையாகத் தைத்திருந்தார். ஆறடி உயரம் அவர். படுத்தால் கெண்டைக்காலுக்குக் கீழே வெளியில்தான் இருக்கும். "அளவு தப்பிட்டுதோ?" என்று கேட்டேன். "அளவெல்லாம் சரிதான்" என்று துணியை மடித்தார்.

அடுத்த சோதனை கரிசல் மண்ணில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசுவந்தனைப் பக்கம், பருத்தி எடுத்து முடிந்த ஒரு காட்டில் படுக்கையை நிறுத்தினோம். நான் உள்ளே. பிரிந்த தையலைச் சரிசெய்ய, கையில் பெரிய கத்தரிக்கோலும் கோணி ஊசியுமாக அண்ணாச்சி வெளியே. அந்த வழியாக வந்த ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"கேம்ப்பு. டெஸ்ட் பண்ணுதோம்."

"உள்ள ஆரு?"

"தீப்பெட்டி ஆபீஸ் தம்பி. கல்யாணம்கூட ஆகல, கூப்பிட்டதும் வந்து படுத்துட்டாரு. அடுத்து ஆரு படுக்கீய?"

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கேம்ப் என்றால் ஒரே அர்த்தம்தான். குடும்பக் கட்டுப்பாடு. கூடாரம் போடுவார்கள், டெஸ்ட் பண்ணுவார்கள், ஆபரேஷன் முடித்துப் பரிசாக வாளி கொடுத்து அனுப்புவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் உள்ளேயிருந்து கேட்டதெல்லாம் தடதடவென்று ஓட்டச் சத்தம். காட்டில் ஒரு துண்டும் ஒற்றைச் செருப்பும் மிஞ்சின.

"ஏன் தம்பி இப்படி ஓடுதாவ? தேளா?" என்று அண்ணாச்சி தரையைத் தேடினார்.

ஓடாமல் நின்றவர் ஒரு பெரியவர் மட்டும். கம்பை ஊன்றி மெதுவாக வந்தார்.

"எனக்கு எழுவது தாண்டியாச்சு. வீட்டுக்காரியும் போயிச் சேந்துட்டா. இருந்தாலும் படுக்கேன். வாளி உண்டுமா?"

"வாளி எதுக்குப் பெரியவரே?"

"அப்ப சும்மாவா அறுக்கீய? பாவம், அந்தத் தம்பி!"

அந்தத் தம்பிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "கொக்கியக் கழத்துங்க அண்ணாச்சி!" என்று நான் போட்ட கூச்சலில், ஓடினவர்கள் இன்னும் வேகமாக ஓடியிருப்பார்கள்.

திங்கட்கிழமைக்குள் செய்தி எனக்கு முன்னால் ஆபீஸ் போய்விட்டது. "ஒடம்பு தேவலையா சார்?" என்று தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் விசாரித்தார்கள். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் தனியே வந்து விசாரித்துவிட்டு, 'பிறகு சொல்லி அனுப்புறோம்' என்று போனார்கள்.

மதினியோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். "இம்புட்டுக் கூத்தும் எனக்காகவா? சரி, வாரேன்."

கொடைக்கு நானும் போனேன். கறிச்சோறு முடிந்த மதியம், அண்ணாச்சி படுக்கையை வீட்டுக்குள் நிறுத்தினார். கொக்கிகளை இந்தத் தடவை உள்பக்கம் வைத்திருந்தார். மதினி படுத்தார். தலை ஒரு முனை, கால் மறுமுனை. ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நானும் மதினியும் ஒரே உயரம் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை.

அண்ணாச்சி பக்கத்தில் வெறுந்தரையில் துண்டை விரித்து நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

"உங்களுக்குத் தேளுக்குப் பயமில்லையா அண்ணாச்சி?"

"இல்லாமலா? அந்தப் பயத்துலதான தம்பி அவளுக்குத் தச்சேன்" என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

குள்ளன் என்று யாராவது என்னைக் கேலி செய்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணாச்சிக்கு நான் சரியான ஆளாக இருந்தேன்.